இரவல் கூட்டம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. ஆர்டர் கொடுத்தார்கள், எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டீர்கள் என்றால் என் மேல் இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும்.

தொண்டு அமைப்புகளுக்கு நிதி கொடுக்கும் ஓர் அறவாரியம் தன் ஆண்டு மலருக்குக் கதை கேட்டது. ‘கற்றல், தலைமைத்துவம், ஒத்துழைப்பு ஆகியவை கதையில் இடம்பெற வேண்டும். முடிவு நம்பிக்கையூட்ட வேண்டும்’ என்று நிபந்தனை. இதுவரை என்னிடம் யாரும் கதை கேட்டதில்லை. நானாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆகவே உடனே ஒப்புக்கொண்டேன். [எழுத்தாளனின் சுதந்திரம் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்தது.]

பேசச் சொல்லி அவர்கள் கைகாட்டிய ஆள் லோகேஸ்வரி. மலேசியாவின் கெடா மாநிலத்தில், புக்கிட் செலம்பாவ் பக்கம், பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையான ஐ.சி.யோ இல்லாதவர்களுக்கு அவற்றை எடுக்க உதவும் சின்ன மையம் ஒன்றை நடத்துகிறாள். வார நாள்களில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறில் மையம். சுங்கை பட்டாணியில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில், வெயில் மேசைவரை வந்திருந்த மத்தியானத்தில், எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“வெற்றிக் கதை வேணும்னா எங்கிட்ட நெறய இருக்கு சார். ஆனா நான் சொல்லப்போறது வேற. கேட்டுட்டு என்னைப் பைத்தியம்னு எழுதிறாதீங்கலா.”

நான் அப்படி எழுதவில்லை. என்னைப் பற்றி அவள் என்ன நினைத்தாளோ தெரியாது.

2

முதல் வரிகள் சில.

‘புக்கிட் செலம்பாவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.’ கொட்டவில்லை. எனக்கு மழையில் தொடங்கத்தான் தெரியும்.

‘லோகேஸ்வரி தன்னலமற்ற ஒரு தலைவி.’ அறவாரியத்துக்குப் பிடிக்கும். லோகேஸ்வரி தன் தே தாரிக் டீயை என் மேல் ஊற்றுவாள்.

‘அந்தப் பெண் யாருடைய ஆள் என்று யாருக்கும்’

இங்கே நிறுத்தினேன். கதை இந்த அரை வரியில்தான் இருக்கிறது. ஆனால் அதை முடிக்கும் முன் இந்த வட்டாரத்து வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிதி கொடுக்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் பார்க்க வருவார்கள். அன்றைக்கு மண்டபம் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் ஐ.சி. இல்லாத ஆள் கூட்டத்துக்கு வருவாரா? அன்றைய கூலி போய்விடும். தவிர, அதிகாரியைப்போல் ஒருவர் முன்னால் நிற்க, பின்னால் ஒருவர் படம் எடுக்கும் இடத்துக்கு வர அவர்களுக்குப் பயம். ஆகவே பக்கத்து அமைப்பிடம் ஆள் இரவல் வாங்குவார்கள்.* கோலா கெத்திலில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தும் பரஞ்சோதி, லோகேஸ்வரிக்கு வேன் நிறைய ஆள் அனுப்புவார். அவருடைய வகுப்பைப் பார்க்க வேறு யாராவது வந்தால் லோகேஸ்வரி அனுப்புவாள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத பெண்கள் அன்றைக்கு மட்டும் தையல் இயந்திரத்தின் முன்னால் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார்கள்.

* இது ஏமாற்று வேலை என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. கல்யாணத்துக்கு நாற்காலி இரவல் வாங்குவதில்லையா என்பது பரஞ்சோதியின் வாதம். நாற்காலிக்கு ஐ.சி. தேவையில்லை என்று நான் சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. ‘இவ்வட்டார அமைப்புகளிடையே ஒத்துழைப்பு போதவில்லை’ என்று அறவாரியம் வருடா வருடம் எழுதுகிறது. எப்படிப் போதும்? இந்த வட்டாரத்துக்கு ஒரு நிதிதான். ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்கு இல்லை. இரண்டு பேரையும் ஒரே ஓட்டத்தில் ஓடவிட்டு, கை கோத்துக்கொண்டு ஓடவில்லையே என்று வருத்தப்பட்டால்?

“ஆளையே குடுத்து வாங்குறோம்,” என்றார் பரஞ்சோதி. “கட்டின பொண்டாட்டிகூட எங்கிட்ட இவ்வளவு ஒத்துழைச்சது கெடையாது.”

3

மலரில் போட ஒரு படம் வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் லோகேஸ்வரியும் பரஞ்சோதியும் மையத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

“இது நல்லாருக்குண்ணே. நீங்க கண்ண மூடிருக்கீங்க, அது ஒண்ணுதான்.”

“எல்லாப் படத்துலயும் மூடித்தான் இருப்பேன். அன்னிக்கி பேசுனவரு அப்படி.” பரஞ்சோதி படத்தைப் பெரிதாக்கினார். “கடைசி வரிசைல, ஓரமா, மஞ்சச் சட்டை. இந்தம்மா ஒன் மையத்துக்கு ஒழுங்கா வருது போலருக்கே.”

“என் மையமா? அது ஒங்க தையல் ஆளுண்ணே.”

“என் ஆளு எனக்குத் தெரியாதா? ஒன் வேன்லதான் வந்து எறங்குச்சு.”

“வேன்ல ஏத்திவிட்டது நீங்கதானே?”

“வெளயாடாத லோகா.”

“நான் எங்கண்ணே வெளயாடுறேன்?”

இருவரும் படங்களைப் பின்னோக்கித் தள்ளினார்கள். போன வருடம் புக்கிட் செலம்பாவ். பின்வரிசை ஓரம், வெளிறிய மஞ்சள் சட்டை, முகத்தில் பாதியை முன்னால் இருந்தவரின் தலை மறைத்திருந்தது. அதற்கு முன் கோலா கெத்தில். தையல் இயந்திரத்தின் முன்னால் அவள்தான். மற்றவர்கள் துணியைப் பிடித்துக்கொண்டு படத்துக்குச் சிரிக்க, அவள் கைகளை மடியில் வைத்து வாசல் பக்கம் திரும்பியிருந்தாள். அதற்கும் முன்னால் ஒரு படம். அதில் முகமே இல்லை, ஒரு மஞ்சள் தோள் மட்டும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று குறையும் என்பது அப்போது லோகேஸ்வரிக்கு நினைவுக்கு வந்தது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைத்து, தன் பொட்டலத்தை யாருக்காவது கொடுத்துவிடுவாள். யாருக்குக் கொடுத்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். நீட்டிய கை நினைவிருந்தது. வாங்கிய முகம் நினைவில் இல்லை.

வேன் ஓட்டும் அம்மாசியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“அந்தம்மாவா? கடைசியா ஏறும், கடைசியா எறங்கும். பழைய டிவிஷன் முக்குல நிறுத்தச் சொல்லும்.”

“அங்க ஏதுண்ணே வீடு? தோட்டத்து லயத்து வீட்டையெல்லாம் இடிச்சு எண்ணெய்ச் செம்பன நட்டு எத்தன வருஷமாச்சு!”

“உள்ள பாத இருக்கும் போலன்னு விட்டுட்டேன். வேன் ஓட்டுறவன் ஆள எறக்கிவிடுவானா, வீட்டத் தேடுவானா?” அம்மாசி கிளம்பப் போனவர் வாசலில் நின்றார். “ஒரு தடவ கண்ணாடில பாத்தேன். எறங்குன எடத்துலயே நின்னுச்சு. நான் வளைவுல திரும்புற வரைக்கும் நின்னுச்சு. பட்டப்பகல்லதான். இருந்தாலும் அதுக்கப்புறம் நான் கண்ணாடியப் பாக்குறதில்ல.”

“கண்ணாடி பாக்காமயா வேன் ஓட்டுறீங்க?” என்றார் பரஞ்சோதி.

யாரும் சிரிக்கவில்லை. அவரும்.

4

அறவாரியத்துக்கு இதை அனுப்ப முடியுமா? அவர்கள் கேட்டது நம்பிக்கை. ஆகவே இரண்டாம் வரைவில் மஞ்சள் சட்டைக்காரியை எடுத்துவிட்டேன். கதை நன்றாகிவிட்டது. கற்றல் வந்தது, தலைமைத்துவம் வந்தது, பரஞ்சோதிகூட ஓரிடத்தில் கண் கலங்கினார்.

மறுநாள் காலை காப்பியோடு உட்கார்ந்து வாசித்தேன். அறவாரியத்து அதிகாரி மண்டபத்துக்குள் வருகிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், பிறகு உட்காருகிறார்கள். அதற்கு அடுத்த வரி இது: ‘பின்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் சற்றுத் தாமதமாக ஓசை செய்தது.’

இதை நான் எழுதினேனா? எழுதியிருக்க வேண்டும். வீட்டில் வேறு யாருக்கும் இந்தக் கெட்ட பழக்கம் இல்லை. மனைவியிடம் கேட்டேன்.

“நீங்க எழுதுறத நீங்களே படிக்கிறதில்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும்,” என்றாள்.

வரியை அழித்தேன். அழித்ததும் பத்தி நொண்டியது. ‘எல்லோரும் உட்கார்ந்தார்கள்’ என்று எழுதினால் யாரோ இன்னும் நிற்பதுபோல் இருந்தது. ‘எல்லோரும் நின்றார்கள்’ என்று எழுதினால் யாரோ

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே விடுகிறேன்.]

சரி, ஒரு பெயர் வைத்துவிட்டால் அடங்கிவிடுவாள் என்று பார்த்தேன். சாந்தினி என்று வைத்தேன். அந்தப் பெயரோடு அவள் மண்டப வாசல்வரை வந்தாள், உள்ளே வரவில்லை. செல்லாயி என்று வைத்தேன். செல்லாயி நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள். நல்ல பெண்மணி, வேறு கதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். பெயரில்லாமல் விட்டபோது மட்டும், கூப்பிடாமலே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

5

லோகேஸ்வரியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். வாசகருக்கும் வரும். இத்தனை கூட்டங்களில் இருந்த ஒருத்தியிடம் ‘பேர் என்ன?’ என்று கேட்காத பெண்ணை நான் எப்படி நல்லவள் என்று எழுதுவது? அவளிடமே கேட்டேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். யோசித்தாள்.

“கேக்கப் பயம் சார். பேரு கேட்டா கதை கேக்கணும். கதை கேட்டா ஒரு வருஷம் அவங்ககூட அலையணும். எனக்கு ஒரு வருஷம் ஏது?”

மையம் தொடங்கிய முதல் வருடத்திலேயே அவளுக்கு ஓர் உண்மை புரிந்துவிட்டதாம். முகாம் போட்டு, மேசை போட்டு, ஒலிபெருக்கி வைத்து வரிசையில் நிறுத்தினால் யாருக்கும் ஐ.சி. கிடைப்பதில்லை. ஒவ்வோர் ஆளோடும் கூடப் போக வேண்டும். பிறந்தபோது பக்கத்து வீட்டில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டும். அலுவலகத்துக்கு ஒருமுறை, மறுபடி ஒருமுறை, பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை. நடுவில் அந்த ஆள் மனம் விட்டுப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே நின்று சமாதானம் பேச வேண்டும். இப்படிச் செய்தால் நடக்கிறது. ஆனால் வருடம் முழுக்கச் செய்தாலும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவு ஆட்களுக்குத்தான் நடக்கிறது.

அறவாரியம் ஒப்புக்கொண்டதோ முகாம்களுக்கு. முகாம் வேலைக்கு ஆகாது என்று எழுதினால் ‘இலக்கு எட்டப்படவில்லை’ என்று ஆகும். அடுத்த வருடம் நிதி வேறு பக்கம் போகும். ஆகவே வேலைக்கு ஆகாது என்று தெரிந்த முகாம்களை அவள் தொடர்ந்து நடத்தினாள், ஒவ்வொரு முறையும் இன்னும் சிறப்பாக. கற்றுக்கொண்டதை வெளியே காட்டாமல் வைத்திருப்பது, திருட்டுப் பொருளை வீட்டில் வைத்திருப்பதைப்போல என்று சொன்னாள்.

[அறவாரியத்தார் கவனிக்க: கற்றல் வந்துவிட்டது.]

தலைமைத்துவத்துக்கு வருகிறேன். போன வருடம் அவளை லங்காவித் தீவில் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கோலா கெடாவில் படகு ஏறிப் போனாள். அங்கே கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழச் சொன்னார்கள். விழுந்தால் சக தலைவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பிடித்தார்கள், நன்றாக இருந்தது. மையத்தைப் பார்த்துக்கொள்ள வேறு சம்பள ஆள் கிடையாது. அதனால் அந்த வாரம் மையம் பூட்டியிருந்தது. அங்கே வந்து விழுந்தவர்களை யாரும் பிடிக்கவில்லை.

6

இந்த வருடத்துப் பார்வை நாள் வந்தது. அறவாரியத்திலிருந்து வந்தவர் இஸ்ஸதி. அலோர் ஸ்டார் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். இளவயது, சிரித்த முகம், எதையும் மறக்காத கண். மையத்துக்கு அடுத்த வருடம் நிதி உண்டா இல்லையா என்பது அவர் போய்ச் சொல்வதில்தான் இருந்தது. நிதி இல்லையென்றால் மையத்தைப் பூட்ட வேண்டியதுதான். மையம் இருக்கும் கடையின் வாடகைக்குத் தொழிற்சாலைச் சம்பளம் தாங்காது என்று லோகேஸ்வரி ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தாள்.

கூட்டம் வருவதற்குள் மஞ்சள் சட்டைக்காரியைத் தனியாகப் பிடித்துப் பேசிவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்றாள். வேன் வந்தது. ஆள்கள் இறங்கினார்கள். யாரோ “அக்கா, மைக் வேல செய்யல” என்றார்கள். ஒரு நிமிடம் உள்ளே திரும்பினாள். மறுபடி வெளியே பார்த்தபோது வேன் காலி.

பின்வரிசை ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

பரஞ்சோதி ‘உள்ளூர்ப் பிரமுகர்’ என்ற பதவியில் முன்வரிசையில் இருந்தார். திரும்பிப் பார்த்துவிட்டு லோகேஸ்வரியிடம் கண்ணால் கேட்டார். அவளும் கண்ணாலேயே ஆமாம் என்றாள்.

“அக்கா, படம் போட்டுக் காட்டுறதெல்லாம் வேணாம்,” என்றார் இஸ்ஸதி. “போன வருஷம் பாத்ததுதான். யாராவது ஒருத்தர்கிட்ட நான் தனியாப் பேசலாமா? நீங்க, அண்ணன், யாரும் பக்கத்துல இல்லாம.”

“தாராளமாலா,” என்றாள் லோகேஸ்வரி. இதற்கென்றே முன்வரிசையில் யோகேஸ்வரி என்று ஒருத்தி இருந்தாள். மையத்தின் உதவியால் உண்மையிலேயே ஐ.சி. எடுத்தவள். எப்படிப் பேச வேண்டும், எந்த இடத்தில் அழ வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அழுகைகூட உண்மைதான். ஆனால் ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் வரும். யோகேஸ்வரி சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

இஸ்ஸதியின் விரல் அவளைத் தாண்டிப் போனது.

“அதோ, கடைசில இருக்காங்கள்ல, மஞ்சச் சட்ட. அவங்க யாருக்கா? எந்தத் தோட்டம்?”

7

இங்கே கதையை மூன்று விதமாக முடிக்கலாம். மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

அ) எல்லோரும் திரும்புகிறார்கள். நாற்காலி காலி. இடிக்கப்பட்ட லயத்தில் எப்போதோ செத்துப்போன ஒருத்தி என்று அம்மாசி பிறகு சொல்கிறார். உடல் சிலிர்க்கிறது. சுபம். இந்த முடிவு எல்லோருக்கும் வசதி. பேய் என்று சொல்லிவிட்டால் அதோடு யாரும் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

ஆ) “எங்க ஆளுதான்,” என்கிறாள் லோகேஸ்வரி, நொடியில் ஒரு பெயரையும் தோட்டத்தையும் உண்டாக்கி. நிதி வருகிறது. அடுத்த வருடம் பின்வரிசையில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இ) “எங்க ஆளு,” என்று லோகேஸ்வரியும் பரஞ்சோதியும் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். இஸ்ஸதி மகிழ்ந்துபோய் ‘ஒத்துழைப்பு’ என்று குறித்துக்கொள்கிறார்.

மூன்றாவதைத்தான் அனுப்பியிருப்பேன். எனக்கு நகைச்சுவை வரும் என்று நாலு பேர் சொல்லிக் கெடுத்துவைத்திருக்கிறார்கள். ஆனால் மூன்றையும் எழுதி முடித்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். எதிலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

8

நடந்தது இது.

“தெரியாது,” என்றாள் லோகேஸ்வரி.

இஸ்ஸதிக்குக் கேட்கவில்லை போலும். “எந்தத் தோட்டம்னு சொன்னீங்க?”

“தெரியாது மேடம். அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது.” நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்து, விடாமல் சொன்னாள். “இங்க பாதிப் பேரு எங்க ஆளே இல்ல. இவரு அனுப்புனது. வருஷா வருஷம் அப்படித்தான். முகாம் போட்டா ஐ.சி. கெடைக்காது மேடம். அது எனக்கு மொத வருஷமே தெரியும்.”

முன்வரிசையில் பரஞ்சோதி எழுந்தார். ஓடப் போகிறார் என்று லோகேஸ்வரி நினைத்தாள். [நானும்.] அவர் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். “நாங்களும் இவகிட்ட ஆளு வாங்கியிருக்கோம். எழுதுறதா இருந்தா ரெண்டு பேரையும் சேத்தே எழுதுங்க.”

இஸ்ஸதி குறிப்பேட்டை மூடினார். மண்டபத்தில் விசிறிகளின் கீழே அத்தனை இரவல் முகங்களும் அவரையே பார்த்தன.

“மண்டபம் நெறையணும்னு ஒங்கள யாரு கேட்டா, தெரியுமாக்கா? யாரும் கேக்கல. நான் வேலைக்குச் சேந்த வருஷம், ‘நல்ல கூட்டம்’னு ஒரு வரி எழுதுனேன். சும்மா, சந்தோஷத்துல. மறு வருஷம் மேலருந்து கேட்டாங்க, இந்த வருஷமும் நல்ல கூட்டமான்னு. அதுக்கு மறு வருஷம் கூட்டம் எவ்வளவுன்னு பாரத்துலயே ஒரு கட்டம் வந்துருச்சு. ‘தெரியாது’ன்னு நானும் எங்க மேலதிகாரிங்ககிட்ட ஒரு தடவகூடச் சொன்னதில்லக்கா.”

பிறகு மூவரும் பின்வரிசைக்குப் போனார்கள். மண்டபம் அவ்வளவு நீளம் என்று லோகேஸ்வரிக்கு அதுவரை தெரியாது. பக்கத்தில் போகப் போக மஞ்சள் நிறம் இன்னும் வெளிறியது. கிட்டத்தில் பார்த்தால் வயது சொல்ல முடியாத முகம். மூச்சு விடுகிறாளா என்று பார்க்கத் தோன்றியதாம். தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்ததாம்.

அவள் நிமிர்ந்தாள்.

“என் மொற வந்துருச்சாங்க?”

யாருக்கும் புரியவில்லை.

“மொத நாளு வாசல்ல நின்னேன். ‘உள்ள போயி ஒக்காரும்மா, கூப்புடுவாங்க’ன்னாங்க. ஒக்காந்தேன். கூப்புடல. அடுத்த வாட்டி வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயி, மிஷின் முன்னாடி ஒக்கார வச்சாங்க. அங்கயும் கூப்புடல. பெரிய வரிச போல, மெதுவாத்தான் வரும்னு நெனச்சுக்கிட்டேன்.”

இரண்டு அமைப்பும் ஆள் காட்டுவதற்காகக் கூட்டிய கூட்டத்தை, அவள் ஐ.சி.க்கு நிற்கும் வரிசை என்று நினைத்திருந்தாள். வரிசையை விட்டுப் போனால் முறை போய்விடும் அல்லவா? அதனால் எங்கே கூட்டினாலும் போய் உட்கார்ந்தாள்.

லோகேஸ்வரி அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஒங்களுக்கு ஐ.சி. இல்லையாம்மா?”

“எனக்குப் பரவால்ல, நான் ஓட்டிருவேன். வீட்ல ஒரு ஆளு இருக்கு. அதுக்குத்தான் வேணும்.” எழுந்துகொண்டாள். “வந்து பாக்குறீங்களா?”

9

வேனில் அவளோடு மூவரும் ஏறினார்கள். பழைய டிவிஷன் முக்கில் அம்மாசி நிறுத்தினார். தான் இறங்கமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டீயரிங்கை விடவும் இல்லை.

வெளியே கண் கூசும் வெயில். செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அணைந்துபோனது. மட்டைகள் மேலே கூரையாகக் கூடியிருந்தன. கீழே காய்ந்த மட்டைகளை அடுக்கிய வரிசைகள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மரம், ஒரே இடைவெளி. வேன் நின்ற சாலை எந்தப் பக்கம் என்று சற்று நேரத்தில் இஸ்ஸதிக்குத் தெரியவில்லை. கைப்பேசியைப் பார்த்தார், தொடர்பு இல்லை. பரஞ்சோதி ஒரு நகைச்சுவை சொல்ல வாயெடுத்து, தன் குரல் பின்னாலிருந்து வருவதுபோல் கேட்கவும் மூடிக்கொண்டார்.

முன்னால் மஞ்சள் சட்டை போய்க்கொண்டே இருந்தது. காய்ந்த மட்டையை மிதித்தால் ஓசை வரும். மூன்று பேரின் காலடிக்கும் வந்தது. அவள் மிதிக்கும் இடம் அவளுக்குப் பழக்கம், அதனால்தான் ஓசை வரவில்லை என்று லோகேஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஓரிடத்தில் மரங்களுக்கிடையே சிமெண்டுப் படிகள் இருந்தன. பழைய லயத்து வீட்டின் வாசற்படி. ஏறினால் வீடு இருக்க வேண்டிய இடத்தில் செம்பனை. அதைத் தாண்டி உள்ளே இன்னும் இருட்டு. அந்த இருட்டுக்குள் எங்கோ, ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

அவள் படியில் ஏறி, திரும்பி நின்றாள். முகம் முழுதாகத் தெரிந்தது அப்போதுதான். பயந்திருந்தாள்.

“ஒண்ணு கேக்கணும். தப்பா நெனக்காதீங்க. நீங்கல்லாம் நெசமாவே இருக்கீங்கதானே?”

பரஞ்சோதி தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இல்ல, வருவீங்க. நெறயப் பேரா வருவீங்க. பேசுவீங்க, கை தட்டுவீங்க, படம் புடிப்பீங்க. அப்புறம் ஒருத்தரும் இருக்கமாட்டீங்க. அடுத்த வாட்டி வேற எடத்துல அதே மொகங்க. நானும் வேன் போறவரைக்கும் நின்னு பாப்பேன், யாராச்சும் திரும்பிப் பாக்குறீங்களான்னு. பாத்ததில்ல.” குரலைத் தாழ்த்தினாள். “உள்ள இருக்கிற ஆளு சீக்கிரம் பயந்துரும். அதான், கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி கேட்டுக்குறேன்.”

10

லோகேஸ்வரி இந்த இடத்தில் பேச்சை நிறுத்தி, ஆறிப்போன தே தாரிக்கைக் குடித்தாள்.

“நீங்க என்ன பதில் சொன்னீங்க?” என்றேன்.

“இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம் சார்.”

அதற்கு மேல் வாங்க முடியவில்லை. உள்ளே இருந்தது யார், குழந்தையா, வயதானவரா, அந்தப் பாத்திரம் எங்கே வைக்கப்பட்டது, எதையும் சொல்லவில்லை. “எழுதிட்டீங்கன்னா முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்குவாங்க,” என்றாள். இஸ்ஸதி தன் மேலாளர்களிடம் ஒன்று கேட்டிருக்கிறாராம். முகாம் வேண்டாம், கூட்டம் வேண்டாம், இரண்டு அமைப்புக்கும் சேர்த்து ஒரே நிதி, லோகேஸ்வரி தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஆள்களோடு அலையும் அளவுக்குச் சம்பளம், வேலைக்கு ஆகாததை ஆகவில்லை என்று எழுத அனுமதி. அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. இல்லை என்று சொன்னால் மையம் போய்விடும். அந்தப் படிவரை போய்வந்த மூன்று பேரும் மறுபடி மறைந்துபோனவர்கள் ஆவார்கள்.

முடிவு எங்கே என்று அறவாரியம் என்னைக் கேட்கிறது. எனக்கு முடிக்க உரிமை இல்லை. காரணத்தைச் சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மஞ்சள் சட்டைக்காரி படியில் நின்று கேட்டதை நான் மேலே கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறேன். லோகேஸ்வரி என்னிடம் சொன்னது, “நீங்க நாலு பேரும் நெசமாவே இருக்கீங்கதானே?” என்று. எண்ணிக்கையில் தடுமாறிவிட்டாள் என்று நினைத்துத் திருத்தினேன். பிறகு மனம் கேட்காமல் தொலைபேசியில் கேட்டேன்.

“நாலு பேருன்னுதான் கேட்டாங்க சார். நாங்களும் பின்னாடி திரும்பிப் பாத்தோம். யாரும் தெரியல.”

அது நான் இல்லை. அம்மாசி வேனை விட்டு இறங்கவில்லை. நான் சுங்கை பட்டாணியில், கடையில், விசிறிக்குக் கீழே இருந்தேன். அப்படியென்றால் அவர்கள் மண்டபத்திலிருந்து கிளம்பியதிலிருந்து, வேனில் ஏறி, மட்டைகளுக்கு நடுவே சத்தமில்லாமல், இந்தப் படிவரைக்கும் கூடவே வந்தது யார்?

திரும்பிப் பார்க்காதீர்கள். வாசித்துக்கொண்டே கூட வந்த உங்களைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியாது, நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஆள் பயந்துவிடும்.